போரில் போன கண்ணுக்கு மின்கண்: எது வரும், எது வராது?

கேள்வி (இழையைத் தொடங்கியவர், 2025 நவம்பர் 3)

"போரில் கண்ணை இழந்த வீரர்களுக்கு இருட்டிலும் பார்க்கிற, வெப்பத்தைக் காட்டுகிற, இலக்கைத் தானே கண்டுபிடிக்கிற எந்திரக் கண் 2050க்குள் வந்துவிடும் என்று அமெரிக்க ராணுவமே சொல்லியிருக்கிறதாம். அப்படியானால் கண் போவது இனி இழப்பே இல்லை, முன்னேற்றம் என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

நவம்பர் 3, இரவு

நான் செயற்கைக் கண் செய்கிறவன். மருத்துவனும் இல்லை, ராணுவத்தில் இருந்தவனும் இல்லை. ஆனால் அங்கிருந்து வந்தவர்களின் கண்குழியில் அச்செடுத்தே பாதி வாழ்க்கை போயிருக்கிறது. அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

தம்பி சொல்லும் அறிக்கை நிஜம்தான். 2019இல் வந்தது, 'சைபார்க் சோல்ஜர் 2050' என்று பெயர். ஒரு குழு உட்கார்ந்து, 2050 வாக்கில் மனித உடலோடு எதையெல்லாம் இணைக்க முடியும் என்று யோசித்திருக்கிறது. கண், காது, தசையை இயக்கும் உடை, மூளையோடு நேரடித் தொடர்பு என்று நான்கு. உத்தரவும் இல்லை, திட்டமும் இல்லை. யூகம்.

அதில் ஒரு இடத்தை யாரும் பகிர்வதில்லை. நல்ல கண்ணை எடுத்துவிட்டு எந்திரக் கண் வைத்துக்கொள்ள ஆட்கள் முன்வர மாட்டார்கள், அடிபட்டுக் கண் கெட்டவர்தான் சம்மதிப்பார் என்பது அந்தக் குழுவின் எண்ணம். காயம்பட்டவர் அங்கே முதல் வாடிக்கையாளர். படித்தபோது உறுத்தியது.

முன்னேற்றமா என்ற கேள்விக்கு என் பதில்: இல்லை. காரணத்தை நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 4

காலையில் பார்த்தால் மூன்று பேர் 'ஆர்கஸ் 2' என்ற செயற்கைப் பார்வைக் கருவி இருக்கிறதே என்று சுட்டி போட்டிருக்கிறார்கள். இருக்கிறது, இருந்தது என்று சொல்வதே சரி. விழித்திரையின் மேல் ஒட்டிவைக்கும் 60 மின்முனைகள், மூக்குக்கண்ணாடியில் ஒரு கேமரா, இடுப்பில் ஒரு பெட்டி. ஐரோப்பாவில் 2011இலும் அமெரிக்காவில் 2013இலும் அனுமதி கிடைத்தது. விலை சுமார் ஒன்றரை லட்சம் டாலர். உலகம் முழுக்க ஏறக்குறைய 350 பேருக்குப் பொருத்தினார்கள்.

அந்த 350 பேரில் ஏறக்குறைய எல்லாருக்கும் கண் எப்படிப் போனது என்பதைப் பாருங்கள். பரம்பரையாக வரும் விழித்திரைச் சிதைவு நோய். அதில் ஒளியை வாங்கும் செல்கள் மட்டும் மெல்ல மெல்லச் செத்துப்போகும். அவற்றுக்குப் பின்னால் உள்ள நரம்புச் செல்கள் ஓரளவு உயிரோடு இருக்கும். பார்வை நரம்பு முழுசாக இருக்கும். அதனால்தான் 60 மின்முனை வைத்துத் தட்டினால் மூளைக்குச் சேதி போகிறது.

குண்டுச் சிதறல் பட்ட கண்ணில் இப்படி வசதியாக ஒன்று மட்டும் கெட்டு மற்றது மிஞ்சுவதில்லை.

நவம்பர் 4, பிற்பகல்

சாப்பிட உட்கார்ந்தபோது விட்ட இடத்திலிருந்து.

விழிப்பந்து கிழிந்து உள்ளே இருப்பது வெளியே வந்துவிட்டால், முதலில் தைத்துப் பார்ப்பார்கள். தேறாது என்று தெரிந்தால் இரண்டு வழி. ஒன்று, வெள்ளைக் கூட்டை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் சுரண்டி எடுப்பது. மற்றது, பந்தையே எடுப்பது. பந்தை எடுக்கும்போது பார்வை நரம்பை வெட்டித்தான் ஆகவேண்டும். அந்த நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேல் இழைகள். வெட்டினால் மனிதரில் மறுபடி வளராது.

ஏன் அவசரமாக எடுக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அடிபட்ட கண்ணின் உள்ளே இருக்கும் திசுக்களை உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பு அதுவரை பார்த்ததே இல்லை. கிழிந்து வெளியே வந்ததும் அந்நியன் என்று நினைத்துத் தாக்க ஆரம்பிக்கும். அந்தத் தாக்குதல் அடிபடாத கண்ணையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும். அபூர்வம்தான். ஆனாலும் பார்வை இல்லாத கண்ணுக்காக, இருக்கும் ஒற்றைக் கண்ணைப் பணயம் வைக்க யாருக்கு மனசு வரும்? இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிடுவது என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. இப்போது மருந்துகள் இருப்பதால் அந்தக் கெடுபிடி குறைந்திருக்கிறது.

ஆக, என்னிடம் வந்து உட்காருகிறவரின் குழியில் விழித்திரையும் இல்லை, நரம்பின் முனையும் இல்லை. உள்ளே அறுவை மருத்துவர் வைத்த ஒரு உருண்டை, அதன் மேல் இளஞ்சிவப்புச் சவ்வு, அவ்வளவுதான். அங்கே எவ்வளவு பெரிய எந்திரத்தை வைத்தாலும் சேதியைக் கொடுக்க ஆள் இல்லை.

2023 மே மாதம் நியூயார்க்கில் முழுக் கண்ணையே மாற்றிப் பொருத்தினார்கள், முகத்தின் ஒரு பகுதியோடு சேர்த்து. உயர் மின்னழுத்தக் கம்பியில் அடிபட்டவர் அவர். கண் உயிரோடு இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது. பார்வை வரவில்லை. அங்கேயும் அதே நரம்புதான் மறிக்கிறது.

நவம்பர் 6

கண் மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார், சுருக்கித் தருகிறேன். எல்லாப் போர்க் காயமும் கிழிசல் இல்லை. வெடி அதிர்ச்சியில் பந்து முழுசாக இருந்தும் விழித்திரை மட்டும் நசுங்கியவர்கள் உண்டு. கண்ணே நன்றாக இருந்து, தலைக்குள் நரம்பு அல்லது மூளை அடிபட்டுப் பார்வை போனவர்களும் உண்டு. அவர்கள் யாரும் என் நாற்காலிக்கு வருவதில்லை. குழி காலியானவர்தான் வருகிறார். அதனால் மேலே சொன்னதைக் குழி காலியானவர் கணக்காகவே படியுங்கள்.

விழித்திரை மட்டும் நசுங்கியவருக்கு 'பிரைமா' மாதிரி ஒன்று என்றாவது உதவலாம் என்கிறார் அவர். பிரைமா இப்போது பேச்சில் அடிபடுகிறது. விழித்திரைக்கு அடியில் செருகும் 2 மில்லிமீட்டர் சதுரச் சில்லு, 378 புள்ளிகள், கம்பி கிடையாது. கண்ணாடியிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியே அதற்குப் படமும் மின்சாரமும். சென்ற மாதம் வந்த முடிவில், ஓராண்டு முடித்த 32 பேரில் 26 பேருக்குச் சொல்லத்தக்க அளவு எழுத்து வாசிப்பு கூடியிருக்கிறது. எல்லாரும் முதுமையில் வரும் மாக்குலா சிதைவுக்காரர்கள், அதாவது விழித்திரையின் நடுப்பகுதி கெட்டவர்கள். வடு கட்டிய இளைஞனின் விழித்திரையில் அந்தச் சில்லு எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு பரீட்சை.

நவம்பர் 6, இரவு

"அகச்சிவப்பில் வேலை செய்கிறது என்றால் இருட்டில் பார்க்கலாம்தானே?" என்று இழையைத் தொடங்கிய தம்பி மடக்குகிறார்.

மடக்கலாம், ஆனால் அது வேறு சமாச்சாரம். அங்கே அகச்சிவப்பு வெறும் தபால்காரன். கேமரா பார்த்ததைச் சில்லுக்குக் கொண்டுபோகிறது. அணிந்தவர் மிச்சமிருக்கும் இயல்பான பார்வையில் அந்த ஒளியைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே கண்ணுக்குத் தெரியாததைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் தம்பி கேட்டதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கேமரா கண்ணாடியில் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு வெப்பக் கேமராவை மாட்டினால்? மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆர்கஸ் 2 வைத்திருந்தவர்களுக்கு வெப்பக் கேமரா கொடுத்தபோது, ஆள் எங்கே நிற்கிறார், சூடான பொருள் எங்கே இருக்கிறது என்பதைச் சாதாரணக் கேமராவைவிட எளிதாகக் கண்டுபிடித்தார்கள். காரணம் நேரடியானது. 60 புள்ளியில் சாதாரணக் காட்சி ஒரே குழப்பம். வெப்பக் காட்சியில் ஆள் மட்டும் பளிச், மற்றதெல்லாம் இருட்டு.

ஆக, படங்களில் வரும் அதிசயமான பகுதி, அதாவது இருட்டில் வெப்பத்தைப் பார்ப்பது, செய்ய எளிது. வந்திருப்பது தம்பியா அண்ணனா என்று முகம் பார்த்துச் சொல்வதுதான் எட்டாத தூரம். இதை எழுதிய பிறகு நானே கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ராணுவத்துக்கு எது வேண்டுமோ அது கிட்டே இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பியவருக்கு எது வேண்டுமோ அது எட்டத்தில் இருக்கிறது.

நவம்பர் 9

தனிச் செய்தியில் ஒருவர், "கண்குழி, அச்சு என்கிறீர்களே, அது எப்படிச் செய்வது?" என்றார். இழைக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, எழுதுகிறேன்.

பல் அச்செடுக்கும் அதே பசையைக் குழைத்துக் குழிக்குள் மெதுவாகச் செலுத்துவோம். குளிர்ச்சியாக இருக்கும், சிலர் துள்ளுவார்கள். இறுகியதும் எடுத்து, அதிலிருந்து மெழுகில் ஓடு ஒன்று. அதை மாட்டிப் பார்த்து, இமை எவ்வளவு திறக்கிறது, மேலிமை மடிப்பு சரியா என்று செதுக்கிச் செதுக்கிச் சேர்ப்பது. பிறகு வெள்ளை அக்ரிலிக் பிளாஸ்டிக். ஒரு சின்ன வட்டில் கருவிழியைத் தீட்டுவது. நல்ல கண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், அடுக்கடுக்காக. ரத்த நாளங்களுக்குச் சிவப்பு நூலைப் பிரித்து, ஒற்றை இழையாக வெள்ளையில் ஒட்டுவோம். சிகரெட் பிடிப்பவருக்கு, தூக்கம் கெட்டவருக்கு, கொஞ்சம் அதிகம். புதுசாகச் செய்து பழகுகிறவர்கள் நாளமே வைக்காமல் விட்டுவிடுவார்கள். அது பொம்மைக் கண்.

ஒரு கண் போனவர் என்றால் இன்னொன்றைப் பார்த்துத் தீட்டிவிடலாம். இரண்டும் போனவர் ஒருவர் வந்திருந்தார். பணியில் இருந்தவர், வயசு மிகக் குறைவு. என்ன நிறம் தீட்டுவது? அடையாள அட்டைப் படத்தில் கண் இரண்டும் கருப்புப் பொட்டு. அவர் மனைவி வண்ணத் தட்டைப் பக்கத்தில் இழுத்து, இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்து, காய்ந்த தேன் நிறம் ஒன்றில் நிறுத்தினார். "வெயிலில் இப்படித்தான் இருக்கும்" என்றார். "வீட்டுக்குள்ளே?" என்று கேட்டேன். "வீட்டுக்குள்ளே அவர் எங்கே இருந்தார்" என்று அந்த அம்மா சொன்னதும் கணவரே சிரித்துவிட்டார்.

போகும்போது, "இது பார்க்குமா சார்?" என்று கேட்டார். தெரிந்தே கேட்டார். வந்த எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி அது. பார்க்காது, மற்றவர்கள் உங்களைப் பார்ப்பதற்கு என்றுதான் சொல்வேன்.

நவம்பர் 10

பல் பசை என்றதும் ஒருவருக்குச் சிரிப்பு. சிரிக்க ஒன்றுமில்லை, அக்ரிலிக் கண்ணே பல் மருத்துவர்கள் கொடுத்தது. அதுவும் போரினால்.

அதற்கு முன் நல்ல கண் என்றால் ஜெர்மனியில் லாவ்ஷா என்ற ஊரின் கண்ணாடிக் கண். ஊதிச் செய்வது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் அமெரிக்காவுக்குச் சரக்கு நின்றுபோனது. அதே நேரம் கண் போன சிப்பாய்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். பொய்ப்பல்லுக்கு அக்ரிலிக் வார்த்துக்கொண்டிருந்த ராணுவப் பல் மருத்துவர்கள் சிலர், பல்லுக்கு ஆகும் என்றால் கண்ணுக்கும் ஆகும் என்று இறங்கினார்கள். 1940களின் நடுவில் அது நிலைபெற்றுவிட்டது. கீழே விழுந்தால் உடையாது, கண்ணீரில் அரிக்காது, குழிக்கு ஏற்றபடி செதுக்கலாம். இன்றும் நான் செய்வது அதுதான்.

இன்னும் பின்னால் போனால் 16ஆம் நூற்றாண்டில் ஆம்ப்ராஸ் பாரே. அவரும் படையோடு போன அறுவை மருத்துவர். அவர் விவரித்த கண்களில் ஒரு வகை இமைக்குள் வைப்பதே இல்லை. தோல் போர்த்திய தகட்டில் கண்ணும் இமையும் வரைந்து, தலையைச் சுற்றிவரும் கம்பியில் குழிக்கு மேல் மாட்டிக்கொள்வது.

நவம்பர் 13

சரி, மூளைக்கு வருவோம். நரம்பு இல்லாதவருக்கு அங்கேதான் வழி.

கண்ணிலிருந்து வரும் சேதி போய்ச் சேருவது பின்மண்டையில். அங்கே பார்வைக்கு ஒரு வரைபடமே இருக்கிறது: நேர்ப்பார்வை ஓரிடம், ஓரப்பார்வை ஓரிடம், மேல் பாதி கீழே, கீழ்ப் பாதி மேலே. இந்த வரைபடத்தை முதலில் உருப்படியாக வரைந்தவர் தத்சுஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் மருத்துவர். வரைய வைத்தது 1904-05 ரஷ்ய ஜப்பானியப் போர். ரஷ்யர்களின் புதுத் துப்பாக்கித் தோட்டா சின்னது, வேகமானது. மண்டையில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் நேராக வெளியே போய்விடும், ஆள் பிழைத்துக்கொள்வார். புகுந்த துளையையும் வெளியேறிய துளையையும் அளந்து நேர்க்கோடு போட்டால் மூளையில் எது போனது என்று தெரியும். பார்வையில் எந்தப் பகுதி போனது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இனோயேவுக்குக் கொடுத்த வேலை ஆராய்ச்சியே இல்லை. பென்ஷன் எவ்வளவு போடுவது என்று பார்வைக் குறைவை அளக்கும் வேலை. படிவம் நிரப்பிக்கொண்டே மூளையின் வரைபடத்தைப் போட்டுவிட்டு 1909இல் வெளியிட்டார். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் கோர்டன் ஹோம்ஸ் பிரான்சில் வந்து குவிந்த தலைக்காயக்காரர்களை வைத்து அதையே விரிவாக்கினார்.

மூளைக்குள் மின்முனை வைக்கிற எல்லாரும் எங்கே வைப்பது என்பதற்கு அந்தப் படத்தின் வாரிசுகளைத்தான் விரிக்கிறார்கள். சிப்பாய்க்கு மின்கண் வருகிறதோ இல்லையோ, மின்கண்ணுக்கு வழி காட்டியது சிப்பாயின் தலை.

நவம்பர் 14

"செய்து பார்த்தார்களா?" பார்த்தார்கள், நிறைய.

1968இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இங்கிலாந்தின் பிரிண்ட்லி, லூவின் இருவரும் பார்வையற்ற பெண் ஒருவரின் மூளை மேல் 80 மின்முனைகள் வைத்திருந்தார்கள். மின்சாரம் போனதும் இருட்டில் ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. பிறகு அமெரிக்க ஆய்வாளர் டோபெல், பல வருஷங்கள். 2018இலிருந்து 'ஓரியான்', ஆர்கஸ் செய்த அதே நிறுவனத்துடையது, 60 மின்முனை, ஆறு பேர். ஸ்பெயினில் எல்சே நகரத்தில் எட்வர்டோ ஃபெர்னாண்டஸ் குழு, 96 நுண்ணூசிகள். அதில் பங்கெடுத்த பெண்மணி முன்னாள் ஆசிரியை, 16 ஆண்டுகள் பார்வையில்லாமல் இருந்தவர், பார்வை நரம்பு கெட்டுப் போனவர். எனவே குழி காலியானவருக்கு மிக நெருங்கிய முன்மாதிரி அவர்தான். சில எழுத்துகளை, விளிம்புகளை அடையாளம் கண்டார். ஆறு மாதத்தில் கருவியை எடுத்துவிட்டார்கள், ஒப்பந்தம் அப்படி. 2022இல் சிகாகோவில் கம்பியில்லாத 25 சின்னக் கட்டைகள், மொத்தம் 400 மின்முனை, ஒருவருக்கு.

மூளைக்குள் மின்சாரம் என்றால் வலிப்பு அபாயம் எப்போதும் உண்டு. அடிபட்ட மூளைக்கு அது ஏற்கெனவே கூடுதல். வெடியில் கண் மட்டும் போய் மூளை சுத்தமாகத் தப்பித்தது என்பது அதிர்ஷ்டக்காரர் கதை.

நவம்பர் 14, சற்றுப் பிறகு

"400 புள்ளி என்றால் 20க்கு 20 படம், எழுத்து தெரியுமே" என்று கணக்குப் போட்டிருக்கிறார் ஒருவர். திரையில் தெரியும். மூளையில் புள்ளிகள் கட்டம் கட்டமாக நிற்பதில்லை. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, சில சேர்ந்து குழம்பும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் உருவமே வராமல் வெளிச்சக் கூழாக வருகிறது.

ஹூஸ்டனில் ஒரு குழு வேறு விதமாகச் செய்தது, 2020இல் வெளியானது. ஒருவர் உள்ளங்கையில் விரலால் எழுத்து எழுதினால் என்ன எழுத்து என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? அதே மாதிரி மூளை மேல் மின்சாரத்தை ஒரு கோடாக நகர்த்தினார்கள். மின்முனை வைத்திருந்தவர்கள் உடனே எழுத்தைத் திரையில் வரைந்து காட்டினார்கள். மின்முனையை ஒன்றுகூடச் சேர்க்கவில்லை, தட்டும் வரிசையை மாற்றினார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த வேலை இது.

எண்ணிக்கையை வைத்து மயங்காதீர்கள் என்பதற்கு இன்னொன்று. அதே 2020இல் ஹாங்காங்கில் செய்த அரைக்கோளக் கண் ஒன்று, சதுர சென்டிமீட்டருக்கு 46 கோடி நுண்கம்பிகள், மனிதக் கண்ணைவிட அடர்த்தி என்று பத்திரிகையெல்லாம் கொண்டாடியது. அழகான வேலைதான். கம்பி இணைத்துப் படம் எடுத்துக் காட்டியது 100 புள்ளியில். மனிதர் யாருக்கும் வைக்கவில்லை, நரம்போடு சேர்க்கவும் இல்லை.

நவம்பர் 17

யாரோ ராப் ஸ்பென்ஸ் படத்தைப் போட்டு "இதோ வந்துவிட்டதே" என்கிறார்கள். கனடாக்காரர், திரைப்படக் கலைஞர், செயற்கைக் கண் ஓட்டுக்குள் கம்பியில்லாக் கேமரா வைத்துக்கொண்டவர். கேமரா எடுப்பதை எதிரில் உள்ள திரையில் மற்றவர்கள் பார்க்கலாம். அவரும் பார்க்கலாம், இன்னொரு கண்ணால்.

நவம்பர் 19

இந்தக் குறிப்பை எழுதலாமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆர்கஸ் நிறுவனம் 2019இல் அந்தக் கருவியைக் கைவிட்டது. 2020இல் ஆட்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டது. கண்ணுக்குள் சில்லு இருந்தவர்களுக்கு உதிரிப் பாகம் இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை. பெட்டி கெட்டால் பார்வை போயிற்று. எம்ஆர்ஐ எடுக்க வேண்டிவந்தால் உள்ளே இருப்பது எந்த மாதிரி, எடுக்கலாமா கூடாதா என்று சொல்லக்கூட ஆள் கிடைக்காமல் அலைந்தவர் உண்டு. ஜெர்மனியில் 1500 புள்ளிச் சில்லு செய்த ரெட்டினா இம்ப்ளான்ட் நிறுவனமும் 2019இலேயே மூடியது. டோபெல் 2004இல் இறந்ததும் அவருடைய நோயாளிகள் நடுத்தெருவில் நின்றார்கள். பிரைமாவைச் செய்த பிக்ஸியமும் பணமில்லாமல் போய், சில்லு வேறு கைக்கு மாறித்தான் பிழைத்தது.

நான் செய்யும் செயற்கைக் கண்ணையே சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இடையில் மெருகு போட வேண்டும். நான் கடையை மூடினால் வேறு எவரும் புதுசாக அச்செடுத்துச் செய்துவிடலாம். மூளைக்குள் இருப்பதை அப்படிச் செய்ய முடியாது. சிப்பாய்க்கு 22 வயசு என்று வையுங்கள், இன்னும் 50 வருஷம் வாழ்வார். எந்தத் தொடக்கநிலை நிறுவனத்துக்கு 50 வருஷ ஆயுள்?

முதலில் இதை ராணுவத்துக்கு எதிரான வாதமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதே திசை மாறுகிறது. தனியார் நிறுவனத்தைவிட ராணுவத்துக்கு ஆயுள் நீளம். பென்ஷன் போடும் அதே அலுவலகம் சில்லுக்கும் பொறுப்பு, கருவியின் வரைபடமும் மென்பொருளும் அரசின் காப்பில் என்று எழுதிவைத்தால் இந்த 350 பேரின் கதி வராது. 2019 அறிக்கை மேல் எனக்கு இருந்த கடுப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கொஞ்சம்தான். கண் கொடுத்தவர்கள் அந்தக் கண் பார்த்ததையும் கேட்பார்கள்.

நவம்பர் 20

நேற்றையதற்கு வந்த பதில்களில் ஒன்று: "கழற்றி வைக்கக்கூடியதாக இருந்தால் என்ன?"

இருக்கிறது. பிரிட்டிஷ் சிப்பாய் கிரெய்க் லண்ட்பெர்க், 2007இல் பாஸ்ராவில் ராக்கெட் குண்டில் இரண்டு கண்ணும் போனவர். 2010இல் அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் அவருக்கு 'பிரெயின்போர்ட்' கொடுத்துச் சோதித்தது. கண்ணாடியில் கேமரா, நாக்கின் மேல் மின்முனைத் தகடு. கேமரா பார்ப்பது நாக்கில் குறுகுறுப்பாக வரும், பழகப் பழக வடிவமாகத் தெரியும். எதிரே இருக்கும் பொருளை நேராகக் கை நீட்டி எடுத்தார். அறுவை சிகிச்சை இல்லை, நிறுவனம் மூடினால் மேசை இழுப்பறையில் போட்டுவிடலாம். ஒரே தொல்லை, அது வாயில் இருக்கும்போது பேசவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. பேசாமல் ஒரு இடத்தைச் சுற்றிவர நம்மில் எத்தனை பேரால் ஆகும்?

நவம்பர் 22

சலிப்பான குறிப்பு, விருப்பமில்லாதவர் தாண்டிப் போகலாம். உடம்பின் முன்பக்கப் பரப்பில் கண்களின் பங்கு 0.27 சதவீதம். 19ஆம் நூற்றாண்டுப் போர்களில் கண் காயம் மொத்தக் காயத்தில் பெரும்பாலும் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருந்தது. வியட்நாமில் சுமார் 9, 1991 வளைகுடாப் போரில் 13. தோட்டா போய்ச் சிதறல் வந்ததன் கணக்கு இது. உடம்புக்குக் கவசம் வந்து உயிர் தப்புகிறது, முகம் திறந்து கிடக்கிறது. சில மில்லிமீட்டர் பாலிகார்பனேட் கண்ணாடி சின்னச் சிதறல்களில் பெரும்பாலானதை நிறுத்திவிடும். மூடுபனி படிகிறது, கீறல் விழுகிறது என்று கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வெடித்தது என்று சொன்னவர்களுக்கு நான் கண் செய்திருக்கிறேன். பனி படியாத பூச்சுக்கு ஒரு கோடி செலவழித்தால் என் தொழில் படுத்துவிடும். படுக்கட்டும்.

நவம்பர் 25

கடைசியாக வந்த கேள்வி என் மேசைக்கே வந்துவிட்டது. பொறியியல் படிக்கும் பெண் ஒருவர்: "மூளையில் சில்லு வைத்தாலும், குழியில் நீங்கள் வைக்கும் ஓட்டுக்கு அதில் வேலை ஏதும் உண்டா?"

உண்டு என்று நினைக்கிறேன். கேமரா கண்ணாடியில் இருப்பதால் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும். ஆனால் மூளைக்குப் பழைய பழக்கம் போகாது. கண்ணைத் திருப்ப நினைத்தாலே ஒளிப்புள்ளியும் கூடவே நகர்கிறது. இதை பிரிண்ட்லியே 1968இல் குறித்திருக்கிறார். அதனால் கப் இங்கே இருக்க, கை வேறெங்கோ போகும். கண் எந்தப் பக்கம் திரும்ப நினைக்கிறது என்று கருவிக்குத் தெரிந்தால் படத்தை அதற்கேற்ப நகர்த்தலாம். கண் உள்ளவருக்குக் கேமரா வைத்து விழியைப் பார்த்துக்கொள்ளலாம். இல்லாதவருக்கு?

பந்தை எடுத்தாலும் அதைத் திருப்பும் தசைகளை எடுப்பதில்லை. உள்ளே வைக்கும் உருண்டையோடு தைத்துவிடுவார்கள். நினைத்தால் உருண்டை திரும்பும், அதன் மேல் இருக்கும் என் ஓடும் கொஞ்சம் திரும்பும். உருண்டை அளவுக்குத் திரும்பாது, ஆனாலும் திசை தெரியும். இரண்டையும் முளை அடித்து இணைத்தால் நன்றாகத் திரும்பும்தான். சீழும் ஒழுக்கும் வந்து அந்த முறையைப் பலர் விட்டுவிட்டார்கள்.

ஓட்டுக்குள் மின்கலம் வைப்பதை மறந்துவிடுங்கள். கனம் கூடினால் கீழிமை தொங்கும். காந்தம் வைத்தால் எம்ஆர்ஐ எடுக்கும்போதெல்லாம் கழற்றச் சொல்லி நினைவூட்ட வேண்டும். விலங்குகளின் கண் அசைவை அளக்க 1963இலிருந்து ஒரு வழி இருக்கிறது: கண்ணைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள், வெளியே காந்தப் புலம். சுருள் திரும்பினால் அதில் எழும் மின்னழுத்தம் மாறும். மின்கலமே வேண்டாம். அந்தச் சுருளை ஓட்டின் விளிம்பில், வெள்ளைக்கும் மேல் பூசும் தெளிவான அடுக்குக்கும் நடுவில் புதைக்கலாம். ரத்த நாள நூல் போகும் அதே அடுக்கு, இடம் இருக்கிறது. புலத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கொடுக்கலாம்.

அந்தப் பெண் சுருள் செய்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அக்ரிலிக்கை அழுத்தத்தில் வைத்துக் கொதிநீர்ச் சூட்டில் வேகவைக்க வேண்டியிருக்கும். கம்பியின் மேல்பூச்சு அதற்குத் தாங்குமா, அடுக்கு இறுகிச் சுருங்கும்போது சுருள் வளையுமா என்பதை முதலில் பழைய ஓடு ஒன்றில் பார்க்கிறேன். தாமிரம் மெலிசாக இருக்கட்டும், தலைமுடியைவிட மெலிசாக. முனைகளை நீளமாக விட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இங்கே வெட்டிக்கொள்ளலாம்.